கிராமம் வரை வந்த ஒளி இழை

ராஜஸ்தானத்தில் ஆஜ்மீர் மாவட்டத்து அராயின், வடகிழக்கில் வட திரிபுரா மாவட்டத்துப் பாணிசாகர், ஆந்திரத்தில் அன்றைய விசாகப்பட்டினம் மாவட்டத்துப் பரவாடா ஆகிய மூன்று வட்டாரங்களுக்கும் ஒன்றோடொன்று எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒன்று மழை குறைந்த வறண்ட நிலம். மற்றொன்று குன்றும் காடும் சூழ்ந்தது. மூன்றாவது கடற்கரையை அடுத்தது. ஆயினும் 2012-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இம்மூன்றும் ஒரே பரிசோதனையில் இடம் பெற்றன. இவ்வட்டாரங்களைச் சேர்ந்த 59 கிராம ஊராட்சிகளுக்கு, தலைமயிரின் பருமனே உள்ள கண்ணாடி இழை கொண்டு செல்லப்பட்டது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளையும் அவ்வாறே இணைத்துவிடலாம் என்பது திட்டம். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதற்கென ரூ. 20,000 கோடி மதிப்பீட்டில் அனுமதி அளித்திருந்தது.

அப்பரிசோதனை நிகழ்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இக்காலத்திற்குள் திட்டத்தின் பெயர் மாறியது. மதிப்பீடு பன்மடங்காக உயர்ந்தது. இழையைக் கொண்டு செல்லும் முறையும் மாறியது. அது மட்டுமன்று. இழை கிராமத்தைச் சென்றடைவதற்குள் செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய அனைத்தும் தத்தம் பழைய பாதைகளை விட்டு இந்தப் புதிய பாதையில் இறங்கத் தலைப்பட்டன. ஆகவே ஊராட்சி அலுவலகத்தில் இழை எரிகிறதா அணைகிறதா என்பது இன்று வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. அவ்வூர் மக்கள் எதனைக் கேட்பர், எதனைக் காண்பர், அதற்கு என்ன விலை கொடுப்பர் என்பனவெல்லாம் அதனைப் பொறுத்தனவாகிவிட்டன.

அகலம் என்பது யாது?

‘பிராட்பேண்ட்’ என்னும் சொல்லை அகலக்கற்றை, அகலப்பட்டை, அகன்ற அலைவரிசை எனப் பலவாறு தமிழில் எழுதுகின்றனர். சர்க்கார் ஏடுகளை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நான் இம்மூன்றையும் வெவ்வேறு காலங்களில் எழுதியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். களத்தில் பணிபுரிவோர் இவற்றுள் எதையும் வழங்குவதில்லை. ‘பிராட்பேண்ட்’ என்றோ, இன்னும் எளிதாக ‘நெட்’ என்றோதான் கூறுகின்றனர். இக்கட்டுரையில் அகலக்கற்றை என்பதையே கொள்வோம்.

சொல்லைவிட அதன் பொருள் அதிகச் சிக்கலை உண்டாக்கியது. அகலம் என்றால் எத்துணை அகலம்? இதற்குச் சர்க்கார் அளித்த விடை இருமுறை மாறியுள்ளது. 2004-ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கையில் விநாடிக்கு 256 கிலோபிட் வேகமே போதுமானது எனக் கொள்ளப்பட்டது. 2013-இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. இவ்வெண்களை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர் ஒரு சிறு கணக்கினைப் போட்டுக் காட்டலாம். ஒரு கிகாபைட் அளவுள்ள திரைப்படம் ஒன்றைப் பெறுவதற்கு முதல் வேகத்தில் சுமார் 8 மணி 40 நிமிடம் ஆகும். இரண்டாவதில் 4 மணி 20 நிமிடம். மூன்றாவதில் ஒரு மணிக்குச் சற்று அதிகம். ஊராட்சிகளுக்கென முதலில் உத்தேசிக்கப்பட்ட 100 மெகாபிட் வேகம் முழுமையாகக் கிடைக்குமாயின் 80 விநாடிகளே போதும். 2004-இல் ‘அகலம்’ எனப் போற்றப்பட்ட பாதையில் ஒரு பாடத்தின் ஒளிப்படத்தைத் தடையின்றிக் காண்பதும் இயலாது என்பது இதனால் விளங்கும்.

இழை எவ்வாறு இயங்குகிறது என்பதையும் சுருங்கக் காண்போம். அடர்த்தி மிகுந்த கண்ணாடியின் நடுத்தண்டில் நுழையும் ஒளி, அதனைச் சூழ்ந்த அடர்த்தி குறைந்த உறையின் எல்லையில் சாய்வாக மோதும்போது வெளியே செல்லாமல் முழுமையாக உள்ளே திரும்புகிறது. குளத்தினடியிலிருந்து மேலே நோக்கும் மீனுக்கு, ஒரு குறிப்பிட்ட கோணத்திற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு கண்ணாடி போல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். இத்தத்துவம் பழையது. இதைக் கண்ணாடி இழைக் கற்றையில் பயன்படுத்தி உருவங்களை அனுப்பிக் காட்டியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். பஞ்சாபில் மோகா என்னும் ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954-இல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து இவ்வாராய்ச்சியை வெளியிட்டார். 2020-இல் அவர் மறைந்தபின் பத்ம விபூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

எனினும் அன்றைய கண்ணாடி செய்திப் போக்குவரத்துக்கு ஏற்றதாயில்லை. அது ஒளியை விழுங்கிவிடும். 1966-இல் சார்ல்ஸ் காவ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் காலத்தில், சாதாரணக் கண்ணாடியில் மூன்று மீட்டர் தொலைவுக்குள்ளாகவே ஒளியின் பாதி மறைந்துவிடும் நிலை இருந்தது. குறை கண்ணாடியின் இயல்பிலன்று, அதிற் கலந்துள்ள அசுத்தங்களில் இருக்கிறது என்று அவர் கூறினார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அக்கூற்று மெய் என நிரூபித்தது. இன்றைய தூய இழையில் பாதி ஒளி மறைவதற்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் செல்ல வேண்டும். வட்டாரத் தலைமையகத்திலிருந்து கிராமத்திற்கு இடைவழியில் மின்சாரமோ பெருக்கிக் கருவியோ இன்றி ஒளி சென்றடைய முடிவது இதனாலேதான். வழியில் இழையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சிறு கருவிக்கும் மின்சாரம் வேண்டுவதில்லை. ஒரே இழையில் ஒரு நிற ஒளி கீழ்நோக்கியும் வேறொரு நிற ஒளி மேல்நோக்கியும் ஒன்றையொன்று தடுக்காமல் செல்கின்றன. இரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை. அறுந்த இழையின் முனையை உற்றுப் பார்க்கலாகாது எனப் பணியாளர்க்குக் கூறப்படுவது இக்காரணம் பற்றியே.

தபாலட்டையில் வந்த வினா

புதியதன் பெருமையைப் பேசுமுன் பழையதன் தன்மையை நினைவுகூர்தல் நலம். 1956-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனத்தின் உதவியுடன் புனே வானொலி நிலையம் ‘கிராம வானொலிச் சபை’ என்னும் முயற்சியைத் தொடங்கியது. அன்றைய பம்பாய் ராஜ்யத்தின் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்கள் இதில் சேர்ந்தன. ஊர்ப் பொது இடத்தில் ரேடியோப் பெட்டியைச் சூழ்ந்து விவசாயிகள் அமர்வர்; உரம், எலி ஒழிப்பு, கூட்டுறவு போன்ற ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி நிகழ்ச்சி நடைபெறும்; முடிந்தபின் அவர்கள் தமக்குள் விவாதித்து ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்புவர். விடை பின்வரும் நிகழ்ச்சியில் வரும். ஒருவழிச் சாதனமாகிய வானொலியைத் தபாலின் உதவியால் இருவழிச் சாதனமாக்கிய இம்முயற்சி நன்கு பயனளித்தது. 1959-இல் நாட்டின் பிற பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

அடுத்த பெரும் படி செயற்கைக் கோளின் வழியாக வந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்தின் கோள் ஒன்றை இரவலாகப் பெற்று, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி அனுப்பப்பட்டது. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும் மாலையில் பெரியோருக்கும் நிகழ்ச்சிகள் இருந்தன. கிராமங்களில் நிறுவப்பட்ட வாங்கிகளின் ஏனம், கோழிக் கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையினால் ஆனது. மின்சாரம் எட்டாத ஊர்களிற் சில மின்கலங்களைக் கொண்டே அவற்றை இயக்கின.

இவ்விரு முயற்சிகளிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கேட்போரிடம் இல்லை; அது குறையே. ஆனால் கேட்பதற்கு நிமிடக் கணக்கில் விலையும் இல்லை. ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பு நிலையத்தின் செலவு ஒன்றே. அகலக்கற்றையில் இவ்விரண்டும் தலைகீழாக மாறுகின்றன. தேர்வு முழுவதும் காண்போருடையது. ஆனால் ஒவ்வொருவர் காணும் ஒவ்வொரு நிமிடமும் பாதையின் ஒரு பகுதியை அடைத்துக்கொள்கிறது, அதற்கு எவரேனும் விலை கொடுத்தாக வேண்டும். இன்றைய செய்திச் சாதனங்களின் மாறுதல்களிற் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே முளைத்தவை என்பது என் கருத்து.

கொள்கையும் கணக்கும்

பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக, கிறீச்சிடும் ஒலியுடன் இணைப்புக் கிடைத்த காலம் அது. 2004-இன் கொள்கை, 2005-ஆம் ஆண்டு இறுதிக்குள் 30 லட்சம், 2007-க்குள் 90 லட்சம், 2010-க்குள் 2 கோடி அகலக்கற்றை இணைப்புகள் என இலக்கு வகுத்தது. 2010 முடிவில் கிடைத்தவை 1 கோடியே 10 லட்சம் அளவே.

பாதியளவில் நின்றதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். அன்று வீடுகளுக்குச் சென்ற செப்புக் கம்பிகளிற் பெரும்பாலானவை பொதுத்துறைத் தொலைபேசி நிறுவனங்களின் வசம் இருந்தன. அக்கம்பிகளைப் பிற நிறுவனங்களும் வாடகைக்குப் பயன்படுத்திச் சேவை அளிக்க வழி செய்ய வேண்டும் எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2004-இல் பரிந்துரைத்தது. கொள்கையில் அது கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே போட்டி கம்பியில் தோன்றாது வானில் தோன்றியது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நாலாம் தலைமுறைச் சேவையுடன் நுழைந்தபின் விலைகள் சரிந்தன. 2014-இல் ஒரு கிகாபைட்டுக்கு ரூ. 269 அளவில் இருந்த கட்டணம் சில ஆண்டுகளில் ரூ. 10-க்கும் கீழே இறங்கியது. 2014-இல் ஒருவர் சராசரியாக மாதத்திற்கு 62 மெகாபைட் அளவு பயன்படுத்தினார். 2024-இல் இது 20 கிகாபைட்டைத் தாண்டியது.

2014 மார்ச்சில் 6 கோடியளவில் இருந்த அகலக்கற்றைச் சந்தாக்கள் 2024 இறுதியில் 94 கோடியளவை எட்டின. இப்பெருந்தொகையைக் கண்டு வியப்பவர் அதன் பகுப்பையும் காண வேண்டும். 94 கோடியில் கம்பியாலோ இழையாலோ இணைக்கப்பட்டவை 4 கோடியளவே. எஞ்சியவை யாவும் கையிலுள்ள தொலைபேசியின் வழியாக, கோபுரங்களிலிருந்து வரும் அலைகளைப் பெறுபவை. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் கீழுள்ளோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். மாலை நேரத்தில் கிராமங்களில் படம் நின்று நின்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கோபுரத்திற்கே இழை சென்றிராவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய அகலக்கற்றை இயக்கம், 30 விழுக்காடாக இருந்த இழை இணைப்புள்ள கோபுரங்களை 70 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று கொண்டது இதனாலேயே. ஆதலால் ‘கைத்தொலைபேசி வந்துவிட்டது, இனி இழை எதற்கு?’ என்னும் வினாவைக் களப் பணியாளர் எதிர்கொண்டால், அலையும் ஓரிடத்தில் இழையில்தான் இறங்குகிறது என விடை கூறலாம்.

அறுந்த இழை

2015-இல் ‘பாரத்நெட்’ எனப் பெயர் மாறிய ஊராட்சித் திட்டத்தின் முதற் கட்டத்தில், ஒரு லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் வேலை 2017 டிசம்பரில் முடிவுற்றது. பின்னர் வேலை தொடர்ந்து, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளில் இணைப்புத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. ‘தயார்’ என்னும் அச்சொல்லில்தான் தொல்லை. இழை வந்து சேர்வது வேறு; அது நாள்தோறும் இயங்குவது வேறு.

முதற் கட்டத்தின் அமைப்பைக் கண்டால் காரணம் விளங்கும். வட்டாரத் தலைமையகத்திலிருந்து ஏற்கெனவே கிடந்த பழைய இழைகளை இயன்ற தூரம் பயன்படுத்தி, அவை முடியும் இடத்திலிருந்து ஊராட்சி வரை மட்டும் புதிய இழை போடப்பட்டது. செலவு குறைந்தது. ஆனால் மரத்தின் கிளை போன்ற அமைப்பு உண்டாயிற்று. அடிக்கிளை ஒடிந்தால் நுனியிலுள்ள ஊர்கள் அனைத்தும் இருளும். சாலையை அகலப்படுத்துவோர், குடிநீர்க் குழாய் பதிப்போர், மின்கம்பம் நடுவோர் என மண்ணைத் தோண்டுவோர் பலர். ஒரு துறை பதித்ததை மற்றொரு துறை வெட்டுவது நமக்குப் புதிதன்று. இதன் பொருட்டே, தோண்டுவதற்குமுன் அவ்விடத்தில் யாருடைய குழாயும் இழையும் உள்ளன என்பதை அறிந்துகொள்வதற்கான கைத்தொலைபேசிச் செயலி ஒன்று 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அச்செயலியைப் பற்றிப் பொக்லைன் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு யார் சொல்வது என்பது தனி வினா.

அறுதல் ஒருபுறமிருக்க, கடைசி முனையிலும் இடர் உண்டு. இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் பெட்டி ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட்டது. அலுவலகம் பூட்டியிருந்தால் பெட்டியும் அணைந்திருக்கும். மின்சாரம் நின்று, மின்கலமும் தீர்ந்துவிட்டால் அவ்வாறே. அங்கிருந்து பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் வீடுகளுக்கும் கம்பியை இழுத்துச் சென்று சேவை அளித்து, கட்டணம் வசூலித்து, பழுது பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைப் பற்றி முதலிற் போதிய அளவு சிந்திக்கப்படவில்லை என்றே கூற வேண்டும். நெடுஞ்சாலை போட்டுவிட்டு ஊருக்குள் வண்டிப் பாதையை மறந்ததைப் போன்றது இது.

2023 ஆகஸ்டில் ரூ. 1,39,579 கோடி மதிப்பீட்டில் அனுமதிக்கப்பட்ட திருத்திய திட்டம் இக்குறைகளை நோக்கியே வகுக்கப்பட்டுள்ளது. கிளை அமைப்புக்கு மாறாக வளைய அமைப்பு: ஓரிடத்தில் அறுந்தால் செய்தி மறுபுறமாகச் சுற்றி வந்துவிடும். போட்டவரே பத்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் உண்டு. ஊரிலுள்ள சிறு தொழில்முனைவோரைக் கொண்டு ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக் கிராமப்புற வீடுகளுக்கு இழை இணைப்பு அளிப்பது நோக்கம். இதற்கான பணம் பொது வரியிலிருந்து வருவதன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் ஐந்து விழுக்காடு செலுத்தும் நிதியிலிருந்து வருவது. 2002-இல் ஏற்பட்ட அந்நிதி, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ எனப் பெயர் பெற்றுள்ளது. நகரத்தில் பேசுவோரின் கட்டணத்தில் ஒரு சிறு பகுதி கிராமத்து இழையாக மாறுகிறது என மாணவர்க்குக் கூறலாம்.

தீவுகளைப் பற்றியும் ஒரு சொல். நெடுங்காலம் செயற்கைக் கோளின் மெல்லிய தொடர்பையே நம்பியிருந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் அளவுள்ள கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. கொச்சியிலிருந்து லட்சத் தீவுகளுக்கு 2024 ஜனவரியில் அவ்வாறே அமைந்தது. லட்சத் தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து 1.7 கிகாபிட்டாக இருந்த கொள்ளளவு 200 கிகாபிட்டாக உயர்ந்தது. கடலடியில் நங்கூரத்தையும் மீன்பிடி வலையையும் தவிர வேறு பகை குறைவு. நிலத்தில் போட்ட இழைக்கே ஆபத்து அதிகம் என்பது ஒரு விந்தை.

செய்திச் சாதனங்கள் இடம் பெயர்தல்

1990-களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு கம்பி இழுத்து, கூரைமேல் ஏனம் வைத்துத் தொழில் தொடங்கிய கேபிள்காரர், பல ஊர்களில் இன்று அதே கம்பிப் பாதையில் இழையை இழுத்து இணைய இணைப்பு விற்கிறார். வேறு வழியில்லை. சந்தா செலுத்தி நேரடி ஏனம் வைத்திருந்தோர் 2020 இறுதியில் 7 கோடியளவில் இருந்தனர். 2024 இறுதியில் அத்தொகை 6 கோடிக்கும் கீழே சென்றுவிட்டது. விட்டுச் சென்றோரில் வசதியுள்ளவர் இணையத்திற்குச் சென்றனர். வசதி குறைந்தவருட் பலர் தூர்தர்ஷனின் கட்டணமில்லாத ஏனச் சேவைக்குச் சென்றனர். மாதச் சந்தா இல்லாத அச்சேவையைப் பெறும் வீடுகள் 4 கோடிக்கு மேல் எனத் தொழில்துறையினர் மதிப்பிடுகின்றனர். தொலைக்காட்சியின் கூட்டம் இவ்வாறு மேலும் கீழுமாக இரண்டாகப் பிளந்தது.

பணம் எத்திசையிற் செல்கிறது என்பதற்கு ஒரு சான்று. 2022 ஜூனில் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களை ஐந்தாண்டுகளுக்கு ஒளிபரப்பும் உரிமை ஏலம் விடப்பட்டது. நம் நாட்டுத் தொலைக்காட்சி உரிமை ரூ. 23,575 கோடிக்குச் சென்றது. இணைய உரிமை ரூ. 23,758 கோடி. வேறுபாடு சிறிதே, எனினும் இணையம் முந்திற்று. 2024-ஆம் ஆண்டில், செய்தி மற்றும் பொழுதுபோக்குத் துறையின் வருவாயில் இணையச் சாதனங்கள் 32 விழுக்காட்டைப் பெற்று முதன்முறையாகத் தொலைக்காட்சியைப் பின்தள்ளின எனத் தொழில்துறை அறிக்கை கணித்தது.

இதிற் பொதுமக்களுக்குள்ள அக்கறை யாதெனில், பழைய பாதைக்கென ஏற்பட்ட உரிமைகள் புதிய பாதைக்குத் தாமாக வந்துவிடுவதில்லை. தேசிய முக்கியத்துவமுடைய விளையாட்டுகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என 2007-இல் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு பகிரப்பட்டது தூர்தர்ஷனின் சொந்தக் கோபுரங்களிலும் அதன் சொந்த ஏனச் சேவையிலும் மட்டுமே செல்லலாம் என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அக்கோபுரங்களோ சில குறிப்பிட்ட இடங்கள் நீங்கலாக 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டன. பழைய முறை ஒளிபரப்பில் மின்சாரம் அதிகம், காண்போர் குறைவு என்னும் வாதத்தை மறுக்க இயலாது. ஆயினும் ஏனமும் இல்லாத, இணையக் கட்டணமும் செலுத்த இயலாத வீட்டுக்கு, கூரைமேல் ஒரு சாதாரணக் கம்பியைக் கட்டிப் படம் பார்க்கும் வழி அத்துடன் அடைபட்டது. மாற்றத்தின் கணக்கை எழுதுவோர் இந்த வரியையும் எழுத வேண்டும்.

பாதையின் சொந்தக்காரர் சரக்கிலும் தலையிடலாமா என்பது மற்றொரு பெரிய வினா. சில இணையத் தளங்களை மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ அளித்து ஏனையவற்றுக்குக் கட்டணம் வாங்கும் திட்டங்கள் 2015-இல் தோன்றின. ஏழைகளுக்கு ஓரளவாவது கிடைக்கட்டுமே எனச் சிலர் ஆதரித்தனர். ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8-ஆம் நாள் அவற்றைத் தடை செய்தது. தபால்காரர் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தபாற்கட்டணம் வாங்கலாகாது என்பதை ஒத்த நியாயம் இது. சிறிய மொழிகளில், சிறு முதலீட்டுடன் நடைபெறும் செய்தித் தளங்களும் கல்வித் தளங்களும் பெரியவற்றுடன் ஒரே பாதையில் ஒரே கட்டணத்தில் செல்ல முடிவது இந்த ஆணையால்தான். பாரத்நெட்டின் இழைகளைவிட இவ்வாணை நீண்ட காலம் பயன் தரும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வானொலியை மட்டும் அவசரப்பட்டு அப்புறப்படுத்துதல் கூடாது. முதற் பரிசோதனை நிகழ்ந்த பரவாடாவை அடுத்த விசாகப்பட்டினத்தின் கரையை 2014 அக்டோபர் 12-ஆம் நாள் ஹுத்ஹுத் என்னும் புயல் கடந்தது. மின்சாரம் நின்றது, கைத்தொலைபேசிச் சேவை பெருமளவு முடங்கியது. இருவழிச் சாதனம் எத்துணைச் சிறந்ததாயினும் ஆயிரம் இடங்களில் மின்சாரம் இருந்தால்தான் இயங்கும். தொலைவிலுள்ள ஒரே ஒரு நிலையமும், கையிலுள்ள இரண்டு பென்டார்ச் பாட்டரிகளும் போதும், வானொலி பேசிவிடும்.

பள்ளியில்

2020-இல் கொள்ளை நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே வகுப்பு மூன்று வகுப்புகளாகப் பிரிந்ததை ஆசிரியர்கள் கண்ணாரக் கண்டனர். வீட்டில் நல்ல இணைப்புள்ள பிள்ளைகள், தந்தையின் தொலைபேசி மாலையில் வீடு திரும்பும்வரை காத்திருந்த பிள்ளைகள், எதுவுமற்ற பிள்ளைகள். தொலைக்காட்சிப் பாடங்களும் வானொலிப் பாடங்களும் மூன்றாம் வகையினருக்குச் சிறிதளவு உதவின. 2024–25-ஆம் ஆண்டுக்கான கல்வி அமைச்சகத்தின் கணக்கெடுப்பின்படி இணைய வசதியுள்ள பள்ளிகள் 63.5 விழுக்காடு, முந்திய ஆண்டில் 53.9 விழுக்காடு. ஓராண்டில் இது நல்ல உயர்வே. எனினும் ஒரு தொலைபேசியை வைத்து இணைப்பு உண்டு எனக் குறித்தலும், முப்பது மாணவர் ஒரே வேளையில் பயிலும்படியான இணைப்பு இருத்தலும் ஒன்றாகா. முப்பது பேர் தனித்தனியே ஒளிப்படப் பாடம் காண்பதற்குச் சுமார் 60 மெகாபிட் வேண்டும். அதற்கு இழையே மிக ஏற்றது. 2025 பிப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், கிராமப்புறத்துச் சர்க்கார் உயர்நிலைப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்துக்கும் பாரத்நெட் வழியாக இணைப்பு அளிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது.

இணைப்பு வரும் வரையிலும், வந்த பின்னும், ஆசிரியரும் கிராமப் பணியாளரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊராட்சி அலுவலகத்திலுள்ள பெட்டியின் முகப்பில் சில சிறு விளக்குகள் இருக்கும். ஒளி வருகிறது என்பதைக் காட்டும் விளக்கு அசையாது பச்சையாக நின்றால் இழை நலமாயுள்ளது. அதன்பின்னும் இணையம் வராவிடில் பழுது வேறிடத்தில் உள்ளது எனக் கொள்ளலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. பெரும்பாலும் இழை அறுந்திருக்கும். விளக்கு எதுவுமே எரியாவிட்டால் முதலில் மின்சாரத்தையும் மின்கலத்தையும் பார்க்க வேண்டும். பழுதைத் தெரிவிக்கும்போது ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்த விளக்கு எரிகிறது, எந்நாள் எந்நேரத்திலிருந்து இந்நிலை, அடுத்த ஊராட்சியிலும் இவ்வாறே உள்ளதா, அந்நாளில் ஊரெல்லையில் எவரேனும் மண் தோண்டினரா என்னும் நான்கையும் குறித்து அனுப்பினால், இழையைச் சீர்செய்ய வருபவர் எந்த இடத்திற்கு முதலிற் செல்ல வேண்டும் என்பதை அறிந்துகொள்வார். பள்ளியின் உயர்வகுப்பு மாணவர் இருவரிடம் இக்குறிப்பேட்டை ஒப்படைக்கலாம்.